கம்லியாவில் விழுந்த மிட்டாய்

பேருந்து நின்ற சத்தம் கேட்டதும் பிள்ளைகள் ஓடிவந்துவிட்டார்கள். பத்துப் பேர் இருக்கலாம். மூத்தவளுக்குப் பத்து வயதிருக்கும். அவள் இடுப்பில் ஒரு கைக்குழந்தை. எங்களோடு வந்த மாணவி ஒருத்தி, படிக்கட்டில் நின்றபடியே மிட்டாய் பாக்கெட்டைப் பிரித்து ஒரு கை அள்ளி வீசினாள். மிட்டாய்கள் மணலில் விழுந்தன. பிள்ளைகள் குனிந்து பொறுக்கினார்கள். நாலைந்து செல்போன்கள் உயர்ந்தன.

அந்த ஊரின் பெயர் கம்லியா. மொராக்கோவின் தென்கிழக்கு மூலையில், சகாராவின் மணற்குன்றுகள் தொடங்கும் மெர்சூகாவிலிருந்து சில கிலோமீட்டர் தூரம். அதற்கு அப்பால் அல்ஜீரிய எல்லை. 2023 பிப்ரவரி கடைசியில் மாணவர் சுற்றுலாக் குழு ஒன்றோடு அங்கே போயிருந்தேன்.

மிட்டாய் விழுந்த நொடியில் எனக்கு நினைவுக்கு வந்த ஊர் பாஞ்சாங்குளம். எங்கள் சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமம். தமிழ்நாடே பார்த்த அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 2022 செப்டம்பர். பள்ளிக்கூடப் பிள்ளைகள் காசோடு பெட்டிக்கடைக்குப் போகிறார்கள். ஊரில் கட்டுப்பாடு போட்டிருக்கிறோம், உங்கள் தெருக்காரர்களுக்குக் கடையில் எதுவும் கொடுக்கக்கூடாது, வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று கடைக்காரர் சொல்கிறார். குரலில் கோபம்கூட இல்லை. நாளைக்கு மழை வரும் என்று சொல்வதுபோலச் சொல்கிறார். கட்டுப்பாடு என்றால் என்ன என்று ஒரு பிள்ளை கேட்கிறது. கடைக்காரர் அதற்கும் பொறுமையாக விளக்கம் சொல்கிறார். அந்தப் பொறுமைதான் என்னைத் தூங்கவிடவில்லை. பிறகு கைது நடந்தது, கடைக்குச் சீல் வைத்தார்கள், குற்றம்சாட்டப்பட்டவர்கள் ஊருக்குள் நுழையக்கூடாது என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் அரிதாகப் பயன்படும் பிரிவின்படி நீதிமன்றம் உத்தரவிட்டது. இந்த அளவுக்கு நடந்ததே வீடியோ பரவியதால்தான். நான் ஸ்பெயினுக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்த வாரம் அது.

பாஞ்சாங்குளத்தில் காசை நீட்டியும் மிட்டாய் இல்லை. கம்லியாவில் காசே கேட்காமல் மிட்டாய் வந்து விழுகிறது. கையில் காசோடு, நிமிர்ந்து நின்று, ‘அண்ணே, அதுல ரெண்டு குடுங்க’ என்று கேட்கும் உரிமை இரண்டு ஊர்ப் பிள்ளைகளுக்கும் இல்லை. இந்த ஒப்பீடு சரியா என்று அப்போதே எனக்குள் ஒரு கேள்வி வந்தது. ஆராய்ச்சி படிப்பவளுக்கு வரும் நோய் அது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில், எங்கள் தெருவில் பிறந்த ஒருத்தி சகாராவுக்கு எப்படிப் போனாள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அப்பா விசைத்தறித் தொழிலாளி. அம்மா பீடி சுற்றுகிறார். முனைவர் பட்ட ஆய்வின் நடுவில் ஒரு பரிமாற்ற உதவித்தொகையில் தெற்கு ஸ்பெயினில் ஆறு மாதம் படிக்கும் வாய்ப்பு கிடைத்தது. பிப்ரவரி 28 அந்தலூசியா நாள். அங்கே பொது விடுமுறை. அதை ஒட்டி மாணவர்கள் கூட்டமாகக் கிளம்பி, கப்பலில் ஜிப்ரால்டர் நீரிணையைக் கடந்து மொராக்கோ போவது வழக்கம். தாரிஃபாவில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் தாஞ்சியர். ஐரோப்பாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் நடுவில் அங்கே கடல் வெறும் 14 கிலோமீட்டர்தான். எங்கள் பேருந்தில் இருந்த ஐரோப்பியப் பிள்ளைகள் பாஸ்போர்ட்டை மட்டும் காட்டிவிட்டு இறங்கினார்கள். இந்தியர்கள் ஏழு பேரும் மின்விசாத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றோம்.

அம்மாவுக்குப் போனில் சொன்னபோது சிரித்துவிட்டார். “ஏளா, மணலப் பாக்கவா அம்புட்டுத் தூரம் போற? நம்ம தேரிக்காட்டுல இல்லாத மணலா?” என்றார். நியாயமான கேள்வி. அம்மாவின் பிறந்த ஊர் சாத்தான்குளத்துப் பக்கம். செம்மண் தேரி அவருக்குப் பாலைவனம் இல்லை, விறகு பொறுக்கின காடு.

இந்தியர்கள் ஏழு பேர் என்றேன். சென்னைக்காரர் ஒருவர், நான், மற்ற ஐந்து பேர் வட மாநிலங்களையும் மராட்டியத்தையும் சேர்ந்தவர்கள். நல்லவர்கள்தான். கப்பலில் எனக்குத் தலைசுற்றியபோது பார்த்துக்கொண்டவர்கள் அவர்கள். ஆனால் என் பெயர் அவர்களுக்கு ஒரு தொந்தரவாகவே இருந்தது. என் பெயருக்குப் பின்னால் இருப்பது அப்பாவின் பெயர். அதில் சாதியைத் தேடினால் கிடைக்காது. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டங்களைத் துறக்கத் தீர்மானம் போட்ட மண்ணிலிருந்து வருகிறோம் அல்லவா. இந்தப் பெருமையை நான் அளவோடுதான் வைத்திருக்கிறேன். பெயரில் சாதியைக் கழற்றிய அதே மாவட்டத்தில் பள்ளிப் பிள்ளைகள் கையில் சாதிக்கயிறாகக் கட்டிக்கொள்கிறார்கள். ஆனாலும் அந்தப் பயணத்தில் அது ஒரு சின்னக் கவசமாக இருந்தது. பெயரில் கிடைக்காததை வேறு வழியில் தேடினார்கள். ஃபெஸ் வரும்வரை, உங்கள் முழுப்பெயர் இவ்வளவுதானா. அஸ்ரூவில் குரங்குகளைப் பார்க்க இறங்கியபோது, அப்பா என்ன செய்கிறார். மிதெல்த்தில் மதியச் சாப்பாட்டில், நீ மாட்டிறைச்சி சாப்பிடுவாயா. நான் சாப்பிட்டேன். அதோடு பாதி விடை கிடைத்துவிட்டது போலிருக்கிறது. அடுத்த கேள்வி நேராகவே வந்தது. இந்த உதவித்தொகை எந்தக் கோட்டாவில்?

எனக்கு ஒன்பதாம் வகுப்புக் கன்னியாகுமரிச் சுற்றுலா ஞாபகம் வந்தது. வழியில் ஒரு புளியமர நிழலில் வண்டி நின்றது. எல்லோரும் கட்டுச்சோற்றைப் பிரித்தார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை; ஆனால் ஐந்தே நிமிடத்தில் தெருவாரியாக வட்டங்கள் உருவாகிவிட்டன. தண்ணீர்க் கேன் எந்த வட்டத்தின் பக்கத்தில் இருந்தது என்பதை நான் சொல்லத் தேவையில்லை. சுற்றுலா என்றால் வீட்டையும் ஊரையும் விட்டு வெளியே போவது என்கிறார்கள். ஊர் வண்டியில் ஏறி நம்மோடேயே வந்துவிடுகிறது.

அண்ணல் அம்பேத்கரின் ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்ற சிறு நூலை இயக்கத் தோழர்கள் பெரும்பாலும் தீண்டாமைக் கொடுமைகளின் சாட்சியமாக வாசிக்கிறோம். இந்தப் பயணத்துக்குப் பிறகு அதைத் திரும்பப் படித்தபோது எனக்கு வேறொன்று தட்டுப்பட்டது. அதில் உள்ள அனுபவங்களில் முக்கியமானவை பயணங்கள். 1901இல், பள்ளிச் சிறுவனாக, அப்பாவைப் பார்க்க அண்ணனோடும் மற்றப் பிள்ளைகளோடும் கிளம்பி மசூர் ரயில் நிலையத்தில் மாட்டிக்கொள்கிறார். கூடையில் சாப்பாடு இருக்கிறது, குடிக்கத் தண்ணீர் கொடுக்க ஆள் இல்லை. பிள்ளைகள் பட்டினியாகவே இரவைக் கழிக்கிறார்கள். 1934இல் இயக்கத் தோழர்கள் முப்பது பேரோடு எல்லோராக் குகைகளைப் பார்க்கப் போகிறார். வழியில் தௌலதாபாத் கோட்டை. வாசலில் இருந்த குளத்தில் முகம் கைகால் கழுவுகிறார்கள். தண்ணீரைத் தீட்டாக்கிவிட்டார்கள் என்று கூட்டம் கூடிவிடுகிறது. கடைசியில், எங்கேயும் தண்ணீரைத் தொடாமல் பார்த்துக்கொள்ள ஆயுதம் தாங்கிய ஒரு சிப்பாயை உடன் அனுப்பிக் கோட்டையைச் சுற்றிப் பார்க்க விடுகிறார்கள். கொலம்பியாவிலும் லண்டனிலும் பட்டம் பெற்றவர், பாரிஸ்டர், வட்டமேசை மாநாட்டுக்குப் போய்வந்தவர். அந்தச் சுற்றுலா எதற்கு என்று யோசியுங்கள். வேலை எதுவும் இல்லை. கூட்டமில்லை, வழக்கில்லை. தோழர்கள் ஊர் பார்க்க ஆசைப்பட்டார்கள், அவரும் சம்மதித்தார். ஊர் பார்க்கும் ஆசையே நம்மவர்களுக்கு ஒரு துணிச்சலாக இருந்திருக்கிறது.

சகாராவுக்குத் திரும்புகிறேன். அட்லஸ் மலையைத் தாண்டி இறங்கினால் ஸிஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கு. இரண்டு பக்கமும் செம்பழுப்பு மலை, நடுவில் பச்சைக் கோடாகப் பேரீச்சந்தோப்பு. ‘போட்டோவுக்குப் பதினைந்து நிமிடம்’ என்றார் வழிகாட்டி. எடுத்தோம். அந்தப் பதினைந்து நிமிடத்தில் சொல்லாமல் விட்டதைத் திரும்பி வந்து நூலகத்தில் தேடிப் படித்தேன். அந்தத் தோப்புகளில் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்கள் ஹராதீன் என்று அழைக்கப்படும் கறுப்பு மக்கள். பழைய சமூக அடுக்கில் மேலே நபிவழி வந்தோம் என்று சொல்லிக்கொண்ட ஷரீஃபுகள், பிறகு அரபு, பெர்பர் குடிகள், அடியில் ஹராதீன். விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கு கூலி. ‘கம்மாஸ்’ என்ற அந்தக் குத்தகை முறையின் பெயரே ஐந்து என்ற எண்ணிலிருந்து வந்தது. பாலைவனத்துக்கு அடியில் நீரைக் கொண்டுவரும் நிலத்தடிக் கால்வாய்களைத் தோண்டித் தூர்வாரியது அவர்கள். பல சோலைகளில் நிலமும் தண்ணீர்ப் பங்கும் அவர்கள் பெயரில் இருக்கவில்லை. எனக்கு விளக்கவுரை தேவைப்படவில்லை. குளத்தைத் தூர்வாரியவர்கள் யார், மடைப்பங்கு யார் பெயரில் என்று கேட்டால் எங்கள் தாலுகாவில் எந்தக் குளத்துக்கரையிலும் பதில் கிடைக்கும்.

அந்தப் பள்ளத்தாக்கைப் பற்றி ஹசைன் இலாஹியான் என்ற மொராக்கோ மானுடவியலாளர் எழுதியிருக்கிறார். அவர் காட்டும் ஒரு விஷயம் எனக்கு உற்சாகம் தந்தது. ஹராதீன் இளைஞர்கள் ஐரோப்பாவுக்கு வேலைக்குப் போகிறார்கள். அங்கிருந்து வரும் பணத்தில் முதலில் நிலம் வாங்குகிறார்கள், தாத்தா ஐந்தில் ஒரு பங்குக்கு உழைத்த அதே நிலத்தை. நிலம் கைக்கு வந்ததும் ஊர்க்கூட்டத்தில் குரலும் வருகிறது. வளைகுடாவுக்குப் போன எங்கள் அண்ணன்மார் வாங்கிய இரண்டு சென்ட் இடத்தைப் பார்த்து ஊருக்குள் எத்தனை வயிறு எரிந்தது என்பதை அறிந்தவர்களுக்கு இது புரியும்.

மெர்சூகாவுக்கு முன்னால் ரிஸ்ஸானி. அதன் அருகில்தான் சிஜில்மாஸா என்ற பழைய வணிக நகரத்தின் இடிபாடுகள். தெற்கிலிருந்து தங்கம், வடக்கிலிருந்து துணி, பாலைவனத்து உப்பு என்று வழிகாட்டி அழகாகச் சொன்னார். இப்னு பதூதா 1352இல் இங்கிருந்துதான் மாலிப் பேரரசுக்குக் கிளம்பினார் என்றும் சொன்னார். நம் மதுரைக்கு வந்துபோன அதே இப்னு பதூதாதான். அவர் திரும்பி வந்த ஒட்டகக் கூட்டத்தில் அறுநூறு அடிமைப் பெண்கள் இருந்ததாக அவரே பதிவுசெய்திருக்கிறார். அதை வழிகாட்டி சொல்லவில்லை. அவரைக் குறைசொல்ல மாட்டேன். தாஜ்மகாலையும் மதுரைக் கோயிலையும் சுற்றிக்காட்டும் நம் வழிகாட்டிகள் கல் சுமந்தவர்களைப் பற்றி எவ்வளவு சொல்கிறார்கள்?

கம்லியா அந்த அறுநூறு பெண்களைப் போல் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் வாழும் ஊர். க்னாவா மக்கள் என்பார்கள். வெள்ளை உடையில் ஆண்கள் வரிசையாக நின்று பாடினார்கள். மூன்று நரம்புள்ள கெம்ப்ரி என்ற வாத்தியம், கைகளில் இரும்புத் தாளங்கள். அந்த இரும்புச் சத்தம் சங்கிலியின் ஞாபகம் என்று சொல்வதுண்டு. 2019இல் யுனெஸ்கோ இந்த இசையை மனிதகுலத்தின் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. எங்கள் கூட்டம் புதினாத் தேநீர் குடித்தபடி கைதட்டியது; பாட்டு முடிந்ததும் எழுந்து ஆடியது. என்னால் ஆட முடியவில்லை. திருமணத்துக்கும் சாவுக்கும் எங்கள் தாத்தா கொட்டடித்தபோது முற்றத்துக்கு வெளியே நின்று அடித்தார். இன்று பறை நகரத்து மேடைக்கு வந்துவிட்டது, நாமே கொண்டுவந்தோம், அது நம் வெற்றி. ஆனால் மேடையில் பறைக்குக் கைதட்டுகிற கூட்டம், கொட்டடிக்க மாட்டேன் என்று மறுத்தவரின் வீட்டுக்கு ஊரில் என்ன நடந்தது என்று கேட்பதில்லை. நிகழ்ச்சி முடிந்து குறுந்தகடு விற்ற இளைஞரிடம், எனக்குத் தெரிந்த அரைகுறை ஸ்பானிஷில், இங்கே மற்ற ஊர்க்காரர்கள் உங்கள் வீட்டில் பெண் எடுப்பார்களா என்று கேட்டேன். அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே, இதை எந்தச் சுற்றுலாப் பயணியும் கேட்டதில்லை என்றார். அதற்கு மேல் பதில் சொல்லவில்லை. பதில் வந்துவிட்டது.

இந்த இடத்தில் ‘பார்த்தீர்களா, இஸ்லாத்திலும் உண்டு’ என்று துள்ளிவருபவர்களுக்கு ஒரு வரி. உண்டு. தௌலதாபாத் குளக்கரையில் அண்ணலை மறித்தவர்களும் முஸ்லிம்கள்தான், அதை அவர் மறைக்கவில்லை. அதே சமயம், பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் சுல்தான் மௌலாய் இஸ்மாயில் சுதந்திரமான கறுப்பு முஸ்லிம்களையும் பிடித்து அடிமைப் படையில் சேர்த்தபோது, முஸ்லிமை அடிமையாக்க மார்க்கத்தில் இடமில்லை என்று மறுத்த ஃபெஸ் நகரத்து அறிஞர் ஜஸ்ஸூஸ் 1709இல் அதற்காகவே கொல்லப்பட்டார். இந்த வரலாற்றை ‘கறுப்பு மொராக்கோ’ என்று எழுதிய ஷுக்கி எல் ஹாமெல் மொராக்கோக்காரர். தன் வீட்டு அழுக்கைத் தானே வெளியில் எடுத்து வைக்கிறவர்களிடம் கற்றுக்கொள்ளலாம். அடுத்த வீட்டு அழுக்கைக் காட்டித் தன் வீட்டை மூடுகிறவர்களிடம் பேச ஒன்றுமில்லை.

அன்றிரவு எர்க் ஷெப்பி மணற்குன்றுகளுக்கு நடுவே கூடாரம். அந்தக் குன்றுகள் சில இடங்களில் நூற்றைம்பது மீட்டர் உயரம் போகின்றன. நான் ஒட்டகத்தின் மேல் இருந்தேன்; கயிற்றைப் பிடித்தவர் வெறும் செருப்போடு மணலில் நடந்தார். பல்லக்கில் போவது போலக் கூச்சமாக இருந்தது, பிறகு இடுப்பு வலித்தது, கூச்சம் மறந்துபோனது. குளிர் எலும்பைக் கடித்தது. தீ மூட்டிச் சுற்றி உட்கார்ந்தோம். பேச்சு சியாட்டலுக்குப் போனது. ஒரு வாரத்துக்கு முன்னால், பிப்ரவரி 21 அன்று, சியாட்டல் நகரமன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்து சட்டம் போட்டிருந்தது. அமெரிக்காவில் அப்படிச் செய்த முதல் நகரம். இந்திய நண்பர் ஒருவர் ஐரோப்பியர்களுக்கு விளக்கினார்: சாதியெல்லாம் கிராமத்தில்தான், படித்தவர்கள் மத்தியில் இல்லை, வெளிநாட்டில் சுத்தமாக இல்லை, இது இந்தியாவின் பெயரைக் கெடுக்கும் வேலை. இரண்டு நாள் முன்னால் என் கோட்டாவைக் கேட்டவர் அவர்தான்.

நான் சொன்னேன். தாஞ்சியரிலிருந்து மெர்சூகா வரை என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளை வரிசையாகச் சொன்னேன், இந்த ஊரில் இது, அந்த ஊரில் இது என்று. பாஞ்சாங்குளத்தைச் சொன்னேன். குரல் நடுங்கியது, குளிரால் என்று நினைத்திருப்பார்கள். போலந்துப் பெண் ஒருத்தி, பகலில் மிட்டாய் வீசியவள், ரொம்ப நேரம் தீயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூடாரத்துக்குப் போகும்போது, நான் அதைக் கையில் கொடுத்திருக்க வேண்டுமா, கொடுக்காமலே இருந்திருக்க வேண்டுமா என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்றேன். இந்திய நண்பர் மறுநாள் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் திரும்பும் வழி முழுக்க யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

இப்போது அந்த ஒப்பீட்டுக் கேள்வி. சாதி வேறு, அடிமைமுறை வேறு, நிறவெறி வேறு. வேறுபாடுகளை அழிக்கும் ஒப்பீடு சோம்பேறித்தனம். ஆனால் ஒப்பிடுவதற்கே நமக்கு உரிமையில்லை என்று சொல்வது அதைவிட மோசம். அதைச் சொன்னது யாரோ அல்ல, ஒன்றிய அரசு. பட்டியல் சாதி மாணவர்கள் வெளிநாட்டில் படிக்க உதவும் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையின் விதிகளை 2022 பிப்ரவரியில் மாற்றினார்கள். இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியாவைப் பற்றிய சமூகவியல் ஆகிய தலைப்புகளுக்கு இனி உதவித்தொகை கிடையாது என்றார்கள். அதையெல்லாம் இந்தியாவிலேயே படிக்கலாமே என்பது காரணம். அதாவது நம் பிள்ளை லண்டனுக்குப் போய் ரோபோ செய்யலாம். சாதியைப் பற்றிப் பேசக்கூடாது. 1916 மே மாதம் கொலம்பியாவில் கோல்டன்வைசரின் வகுப்பில் இந்தியச் சாதிகளைப் பற்றிக் கட்டுரை வாசித்த இருபத்தைந்து வயது பரோடா உதவித்தொகை மாணவருக்கு இந்த விதி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? முப்பது ஆண்டுக்குப் பிறகு, 1946இல், அதே மாணவர் அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் டுபோயிசுக்குக் கடிதம் எழுதி, ஐ.நா.வுக்கு அமெரிக்கக் கறுப்பின மக்கள் கொடுத்த மனுவின் நகல் வேண்டும் என்று கேட்கிறார். தூரத்து மனிதர்களின் காயத்தைப் பார்த்துத் தன் காயத்துக்குப் பெயர் வைக்கக் கற்றவர் அவர். அந்தப் பார்வையைத்தான் இந்த விதி வெட்டுகிறது. அதைத் திரும்பப் பெறும்வரை கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டத்தில் நம் தெருப் பிள்ளைகள் இப்போது விமானம் ஏறுகிறார்கள். அவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: சுற்றுலாவுக்குக் கூப்பிட்டால் போங்கள். உதவித்தொகைப் பணத்தை ஊர் சுற்றிக் கரைக்கிறாயா என்று கேட்பார்கள். எனக்கும் அந்தக் குற்றவுணர்ச்சி இருந்தது. கட்டிய யூரோவை அம்மா சுற்றும் பீடியாக மாற்றிக் கணக்குப் போட்டுப் பார்த்தவள் நான். இருந்தாலும் போங்கள். முன்சீட்டில் உட்காருங்கள்.

ஊருக்குத் திரும்பியபின் எங்கள் தெரு மாலை வகுப்புப் பிள்ளைகளிடம் படங்களைக் காட்டினேன். ஒட்டகத்துக்கு எத்தனை திமில், மணல் சுடுமா, அங்கே சோறு கிடைக்குமா என்று ஆயிரம் கேள்வி. பிறகு ஒருவன், நம்மளும் எங்கயாவது போவோமாக்கா என்றான். வசூல் செய்தோம். தறிக்காரர்களும் பீடிக்காரர்களும் பத்தும் இருபதுமாகத் தந்தார்கள். ஒரு வேன் பிடித்து இருபத்தொரு பிள்ளைகளைக் கீழடி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனோம். பானை ஓட்டில் யாரோ கீறிய பெயரைக் கண்ணாடியில் மூக்கு ஒட்டப் பார்த்தார்கள். அந்தப் பெயர்களில் சாதி இல்லை என்று ஒரு பிள்ளை சொன்னதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

திரும்பும் வழியில் திருமங்கலம் தாண்டி ஒரு பெட்டிக்கடையில் வேன் நின்றது. பிள்ளைகள் கடையைச் சூழ்ந்துகொண்டார்கள். நான் வேனுக்குள்ளேயே இருந்தேன், இறங்கவில்லை, நெஞ்சு அடித்துக்கொண்டது. எந்த ஊரு என்று கடைக்காரர் கேட்பது காதில் விழுந்தது. சங்கரங்கோயில் என்றாள் ஆறாம் வகுப்பு படிக்கும் ஒருத்தி. அங்கே எங்க என்றார் அவர். அவள் அதற்குப் பதில் சொல்லவில்லை. கையை நீட்டி, “பத்து ரூவா குடுத்தேன். மீதி நாலு ரூவா தரணும்ணே” என்றாள்.